மாலை போட்ட மாடு

வண்டியை மறிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெண் கேட்டு வருகிறவனுக்கு முறை இருக்கிறது, சாவுக்கு வந்து உட்காருகிறவனுக்கு முறை இருக்கிறது, நடுரோட்டில் கையைக் காட்டி நிறுத்துகிற போலீஸ்காரனுக்கு மட்டும் இருக்காதா? அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. நான் சொல்லலாம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் போலீஸ் மறித்து ரோட்டில் நின்ற படிப்பில் எங்கள் பக்கத்தில் எனக்கு மேல் படித்தவர்கள் கிடையாது.

என் வீட்டுக்காரர் பட்டைப் பாரத்தின் மேலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வண்டிக் கயிறு என் கைக்கு வந்தது. அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்துக் காடுகளில் ஆவாரம்பட்டை உரிப்பார்கள். அதை ஏற்றிக்கொண்டு போய் ஆம்பூர் தோல் ஷாப்புகளில் இறக்க வேண்டும். அந்தப் பட்டை ஊறிய தண்ணீரில் கிடந்தால்தான் தோல் பதமாகும். ஆம்பூர் முதலாளிகளின் மாடி வீடுகள் எல்லாம் செங்கல்லில் கட்டியவை என்று நினைக்கிறார்கள். எங்கள் பட்டையில் கட்டியவை. பொம்பளை வண்டி ஓட்டினால் மழை பெய்யாது என்று ஊரில் சொன்னார்கள். அந்த வருஷம் ஏரி உடைந்தது. அதற்கப்புறம் மழையைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை.

ஆம்பூருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு புளியமரம். மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலின் மேல் ஒரு ஏட்டு. மரம் முதலில் வந்ததா ஏட்டு முதலில் வந்தாரா என்று வண்டிக்காரர்களுக்குள் ஒரு தர்க்கம் உண்டு. அவர் எழுந்து வந்து வண்டியை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. படுத்தபடியே "ஏய்" என்பார். அது யாருக்கு என்று சொல்ல மாட்டார். ரோட்டில் இருக்கிற அத்தனை பேரும் தனக்குத்தான் என்று நினைத்து நிற்போம். நின்ற பிறகு நாங்களே இறங்கி அவரிடம் போக வேண்டும். பச்சைத் தோல் ஏற்றுகிற வண்டியும் பட்டை ஏற்றுகிற வண்டியும் எப்படி மணக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிட்டே போனதும் ஏட்டு ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு கையை நீட்டுவார். நீட்டிய கைக்கு மட்டும் எங்கள் நாற்றம் எட்டாது.

அவர் எங்களைப் பிடிப்பதற்கு ஒரு சட்டமும் இருந்தது. நுகத்தடி உரசிக் கழுத்து புண்ணான மாட்டைப் பூட்டி ஓட்டக்கூடாது. ஓட்டினால் மாட்டை அவிழ்த்து நிறுத்திவிடுவார்கள், ஓட்டினவன் மேல் கேஸ். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். வாயில்லாத ஜீவனின் கழுத்தை சர்க்கார் பார்த்தது. வாய் இருக்கிற ஜீவன்களின் கழுத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வண்டிக்காரர்கள் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். புண்ணுக்கு இல்லை, சட்டத்துக்கு. மாட்டின் கழுத்தில் சாமந்தி மாலை. தடித்த மாலையாகக் கட்டி நுகத்தடியை ஒட்டிப் போட்டுவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்று ஈக்கு மட்டும்தான் தெரியும். ஏட்டு கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"இன்னாடா, உங்க ஊரு மாட்டுக்கு மட்டும் வருசம் பூரா பொங்கலா?"

"வேண்டுதலுங்க ஏட்டய்யா. மாரியாத்தாளுக்கு நேந்துக்கினது."

உப்புத் தோல் ஏற்றி வருகிற பாய் ஒருவர் இருந்தார். எனக்கு நல்ல பழக்கம். அவர் மாட்டுக்கும் மாலைதான். "நம்மளுது தர்காவுக்கு நேந்தது, ஏட்டய்யா" என்பார்.

"மாடு நேந்துக்கிச்சா, நீ நேந்துக்கினியா?"

"ரெண்டு பேரும் கலந்து பேசித்தான்."

ஏட்டு சிரித்துவிட்டுக் கையை நீட்டுவார். மாலையைத் தூக்கிப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலை விட்டு எழுந்திருக்க வேண்டுமே.

என் மாடுகளுக்கு மாலை கிடையாது. வலத்தே செவலை, இடத்தே மயிலை. இரண்டும் வெறுங்கழுத்தோடுதான் போகும். நுகத்தடிக்குப் பழைய துணி சுற்றி, பாரத்தை அளவாக ஏற்றி, மேட்டில் நானும் இறங்கி நடப்பேன். புண் எப்படி வரும்? "அக்கா மாடு அம்மணமா வருது பாருடா" என்று கிண்டல் செய்வார்கள். "அழுக்கு இருக்கறவன்தாண்டா மூடிக்கணும்" என்பேன். ஏட்டு என்னிடம் கையை நீட்டினால் மாட்டின் கழுத்தைக் காட்டுவேன். அவர் மூக்கைப் பிடித்தபடியே "போ, போ" என்று கையை ஆட்டுவார். அந்த ரோட்டில் ஏட்டுக்கு எதுவும் வைக்காமல் போன வண்டி என்னுடையது ஒன்றுதான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் ஏட்டுக்குத் துணையாகப் புதிதாக ஒரு போலீஸ் வந்தார். திமிரிப் பக்கத்து ஆள், வீட்டில் பயிர் பச்சை உண்டாம். முதலில் எங்களுக்கு அவர் போலீஸ்தான் என்று நம்பிக்கையே வரவில்லை. மரத்தடியில் இடம் இருக்கும்போது வெயிலில் நின்றார். வண்டி தூரத்தில் வரும்போதே ரோட்டின் ஓரமாக நின்று கையை உயர்த்துவார். மாடு தானே நடையைக் குறைத்துக்கொள்ளும். எதிரில் வந்து நிற்க மாட்டார். மூக்கணாங்கயிற்றைத் தொட மாட்டார். பூட்டிய மாட்டின் மூக்குக் கயிற்றை அந்நியன் பிடித்து இழுத்தால் அது வண்டிக்காரனின் கன்னத்தில் அறைந்த மாதிரி. அது தெரிந்தவர். ஓட்டுகிறவன் பக்கம் நடந்து வந்து, "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. மாட்டுக் கழுத்தப் பாக்கணும், அதுக்குத்தான்" என்பார். எதற்கு நிறுத்தினோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற போலீசை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பார்ப்பார். ஒன்றும் இல்லையென்றால் "சரி, போய்ட்டு வாங்க" என்பார். எல்லாவற்றையும்விட, அந்த மனுஷர் மூக்கைப் பிடிக்கவில்லை.

வண்டிக்காரர்கள் நொந்துபோனார்கள். ஏட்டு திட்டினால் பதிலுக்குப் பொய் சொல்லலாம், அது ஒரு கொடுக்கல் வாங்கல். மரியாதையாகக் கேட்கிறவனிடம் பொய் தொண்டையோடு நின்றுவிடுகிறது.

"இந்த ஆளு பெரிய பேஜாருக்கா" என்றார் பாய். "திட்டுனா வாங்கிக்கலாம். அடிச்சாலும் தாங்கிக்கலாம். 'பாய், தயவு செஞ்சி'ன்றான். அதுக்கு இன்னா பண்றது சொல்லு!"

வந்த கொஞ்ச நாளிலேயே அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வெறுங்கழுத்து மாட்டை அவர் நிறுத்துவதே இல்லை. மாலை போட்ட மாட்டை விடுவதே இல்லை. இது எனக்குத் தெரிந்தது, ரோட்டோரக் கல்லுக்கும் தெரிந்தது, வண்டிக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை. பிடிபட்டவன் எல்லாம் மாலை மெல்லிசாகப் போய்விட்டது என்று நினைத்து இன்னும் தடிப்பாகக் கட்டினான். புண் பெரிசாக ஆக மாலை பெரிசாகிக்கொண்டே போனது. கடைசியில் மாலையைப் பார்த்தே கீழே இருக்கிற புண் எவ்வளவு என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்த ரோட்டில் பஸ்ஸும் ஓட ஆரம்பித்திருந்தது. அதையும் மறித்துப் பார்க்கச் சொல்லி அவருக்கு உத்தரவாம். ஆனால் அதற்கு அவசியம் வரவில்லை. அது தானாகவே வந்து புளியமரத்தடியில் நின்றுவிடும். அப்புறம் ஆட்கள் தள்ள வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு ஆம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. தோல் ஷாப்பில் வேலை செய்கிற பையன், நல்ல பையன். அவன் அம்மா எனக்குச் சரியான ஜோடி. அந்த அம்மாவும் யாருக்கும் தலை வணங்கின ஜாதி இல்லை. எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முதல் நாள் சாயங்காலம் பெண்ணை வண்டியில் அழைத்துக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். பேச்சு முடிந்து வெற்றிலை போடும்போது சம்பந்தியம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. பட்டை வண்டியில மட்டும் கூட்டினு வராதீங்க சம்பந்தி. கூடு வெச்ச பொட்டி வண்டி ஒண்ணு பேசிக்கலாம்."

"எங்க வண்டிக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல. வாசனதான் கொஞ்சம் ஜாஸ்தி."

ஆம்பூரில் குடியிருந்துகொண்டு வாசனையைப் பற்றிப் பேசிய மனுஷி எனக்குத் தெரிந்து அவர் ஒருத்திதான். "என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா. நான்தான் ஓட்டுவேன்" என்றேன். என் வீட்டுக்காரர் பாக்கை முழுங்கிவிட்டார்.

சம்பந்தி வெற்றிலையை மடித்தார். "சரி. ஆனா வெளக்கு வெக்கறதுக்குள்ள பொண்ணு எங்க தெருவுல வந்து எறங்கணும். தவறிச்சின்னா அந்த முகூர்த்தம் வேணாம், வேற நாள் பாத்துக்கலாம். எங்க மாமியாரு காலத்துலருந்து அப்படித்தான்."

வேறு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முகூர்த்தம் தவறிய பெண் என்று என் மகளுக்குப் பேர் வரும். பொம்பளை ஓட்டின வண்டி, நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று எனக்குப் பேர் வரும். என் பேரை நான் சுமந்துகொள்வேன். மகள் அந்த வீட்டிலேயே இருந்து சுமக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சம்பந்தி வீட்டிலிருந்து சீர் வந்தது. மாட்டுக்கு. மணிகள் கோத்த தோல் கழுத்துப்பட்டை. மாப்பிள்ளை வேலை செய்கிற ஷாப்பில் மிஞ்சின தோலில் ஆசையாகத் தைக்கச் சொன்னதாம். 'பட்டை வண்டியா இருந்தாலும் மாடாவது எங்க வீட்டு லட்சணத்தோட வரட்டும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். கையில் வாங்கினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விறைப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன், முடி போக ஊற வைத்த சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. பட்டைத் தண்ணீரில் இன்னும் ஊற வேண்டிய தோலை அவசரத்தில் தூக்கித் தைத்துவிட்டார்கள். ஆனால் சம்பந்தி வீட்டுச் சீரை மாட்டுக்குக் கட்டாமல் எப்படிப் போவது? தெரு முனையில் நின்று அந்த அம்மா முதலில் பார்க்கப்போவது பெண்ணை இல்லை, பட்டையைத்தான். ஒரு பட்டைதான் வந்தது. செவலைக்குக் கட்டினேன். பெண் போகிற வண்டி என்பதால் கோயிலில் வைத்து எடுத்த மாலையை அதன் மேல் போட்டேன். மயிலைக்கும் ஒரு மாலை.

சொந்தக்காரர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். வண்டியைக் கழுவி, புது வைக்கோல் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து மகளை உட்கார வைத்தேன். பக்கத்தில் சீர்த் தட்டோடு என் வீட்டுக்காரர். மத்தியானத்தில் புறப்பட்டால் பொழுது இருக்கவே போய்விடலாம் என்று கணக்கு. வழியெல்லாம் செவலை தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். புது மணிச் சத்தம் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். பாருங்கள், மாட்டின் மனசு தெரிந்தவள் நான்!

புளியமரம் கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ரோட்டின் ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது.

எனக்குப் பின்னால் வருகிறவனுக்காக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். கை எனக்குத்தான்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று பக்கத்தில் வந்தார் புதுப் போலீஸ். "மாட்டுக் கழுத்தப் பாக்கணும், அதுக்குத்தான்."

"என் மாட்டையா?"

"மாலை போட்டிருக்குதும்மா."

"பொண்ணழைச்சிக்கினு போற வண்டிக்கு மாலை போடாம கோவணமா கட்டுவாங்க? கோயில்ல வெச்சி எடுத்த மாலை. அந்தத் தெருவுல போய் எறங்கற வரைக்கும் கழட்டக்கூடாது."

"கழட்ட வேணாம்மா. கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க, போதும்."

"இத்தினி வருசமா இந்த ரோட்டுல வெறுங்கழுத்தோட ஓட்டறேன். கேட்டுப் பாரு யாரையாவது."

"கேட்டிருக்கேன்மா. எல்லாரும் உங்களத்தான் சொல்வாங்க. நான் சந்தேகப்படறது மாட்டத்தான், உங்கள இல்ல."

"என் மாட்டச் சந்தேகப்பட்டா என்னையச் சந்தேகப்பட்டதுதான்."

கட்டிலில் இருந்து ஏட்டின் குரல் வந்தது. "இன்னாமே மகாராணி! உன் மாடும் வேண்டிக்கிச்சா? ஏம்பா, உட்டுத் தொல. கல்யாண வண்டி. அந்தத் தட்டுல இருக்கற பழத்துல ஒரு சீப்பு இங்க வெச்சிட்டுப் போவட்டும்."

ஒரு சீப்புப் பழம். வைத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் வைத்தால் என் மாட்டுக்குப் புண் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதுவும் அந்தக் கட்டிலுக்கு. பின்னால் ஒவ்வொன்றாக வண்டிகள் வந்து நின்றன. எல்லாம் மாலை போட்ட மாடுகள். பாய் தலையை நீட்டிப் பார்த்து, "அரே, அக்காவா!" என்று சத்தமாகச் சந்தோஷப்பட்டார்.

"அடியே, காட்டிட்டுப் போயேன்" என்றார் என் வீட்டுக்காரர். "சூரியன் எறங்குது."

"நீ சும்மா இருய்யா. சூரியன் எறங்கட்டும், நான் எறங்க மாட்டேன்."

புதுப் போலீஸ் நகரவில்லை. அதட்டவில்லை, மாட்டைத் தொடவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவர் ஒரு தடவை 'ஏய்' என்று சொல்லியிருந்தால் போதும், நான் சத்தம் போட்டு, ஊரைக் கூட்டி, நியாயம் பேசி, அந்தச் சந்தடியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். மரியாதையான மனுஷனிடம் சண்டை பிடிக்க எங்கே பிடி இருக்கிறது? நிழல் நீண்டுகொண்டே போனது.

உள்ளேயிருந்து என் மகள் பேசினாள். கல்யாணப் பெண் வழியில் வாய் திறக்கக்கூடாது என்று அத்தனை தடவை சொல்லியிருந்தேன்.

"யம்மா, உன் மாட்டுக்குப் புண்ணு இல்லன்னு ஊருக்குக் காட்றதுக்குக் கெளம்பினியா, எனக்குக் கல்யாணம் பண்றதுக்குக் கெளம்பினியா?"

சொல்லிக்கொண்டே முன்னால் வந்து, பட்டுப் புடவையோடு குனிந்து, வளையல் கையால் செவலையின் மாலையைத் தூக்கினாள். பட்டையும் கூடவே நகர்ந்தது. மணிகள் அழகாகக் குலுங்கின.

பட்டைக்கு அடியில், நுகத்தடி உட்காரும் இடத்தில், கொட்டைப்பாக்கு அகலத்துக்குத் தோல் வழன்று சிவந்திருந்தது. இன்றைக்கும் அதைப் புண் என்று நான் சொல்ல மாட்டேன். சிராய்ப்பு.

பின்னால் இருந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்து பார்த்தார்கள். அந்தச் சிராய்ப்பை அவ்வளவு பேர் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

புதுப் போலீஸ் குனிந்து, பட்டையை விரலால் தொட்டு, மோந்து பார்த்தார். "இன்னிக்குத்தான்மா உரசியிருக்கு. பழசு இல்ல. சுண்ணாம்பு போவாத தோலு. எங்க வாங்கினீங்க?"

நடுரோட்டில், ஆம்பூருக்குப் போகிற அத்தனை காதுகளுக்கும் நடுவில், சம்பந்தி வீட்டுச் சீர் என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிடும். "வேண்டியவங்க குடுத்தது" என்றேன்.

அவர் பெண்ணைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "அதான் கட்டாமலும் இருக்க முடியல" என்று மெல்லச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "ஆனா இத இனிமே பூட்ட முடியாதும்மா. அவுத்துத்தான் ஆவணும்."

"அவுத்துட்டு? ஒத்த மாட்டுல பொண்ணு போவுமா? வெளக்கு வெக்கறதுக்குள்ள அந்தத் தெருவுல இருக்கணும். இல்லாட்டி முகூர்த்தமே இல்லன்றாங்க."

முதல் தடவையாக என் குரல் இறங்கினது எனக்கே கேட்டது. அவர் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"யாராவது ஒரு மாடு குடுங்கண்ணே. மாத்திப் பூட்டிக்கலாம். கழுத்த மட்டும் பாத்துட்டுப் பூட்டறேன்."

அத்தனை பேரிடமும் ஒரு சாக்கு இருந்தது. ஒருவன் மாடு காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்றான். ஒருவன் மாடு வலத்தில் ஓடாதாம். பாய் தன் மாட்டுக் கழுத்தை மாலையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "நம்ம மாடு புது ஜோடியோட ஒத்துப்போவாது தோஸ்த்து. வெக்கப்படும்."

அவ்வளவு பெரிய வரிசையில், அத்தனை மாலைகளுக்கு அடியில், பூட்டத் தகுந்த கழுத்து ஒன்றுகூட இல்லை. புதுப் போலீசுக்குச் சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் காட்டவில்லை. செவலையை அவிழ்த்துக் கயிற்றோடு மரத்தடிக்குக் கொண்டுபோனார்.

"ஏட்டய்யா, இத கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்க. சர்க்கார் பொறுப்புல இருக்கற மாடு, ஓடிடப்போவுது."

ஏட்டு கட்டிலை விட்டு எழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். உயரமான மனுஷர்தான். ஒரு கையில் செவலையின் கயிறு, ஒரு கை மூக்கில். நீட்டுவதற்கு அவரிடம் மூன்றாவது கை இல்லை.

புதுப் போலீஸ் திரும்பி வந்து, அந்தக் காலத்துப் போலீஸ் உடுப்பின் சிவப்புத் தலைப்பாகையை அழுத்தி வைத்துக்கொண்டு, செவலை இருந்த இடத்தில் போய் நின்று நுகத்தடியின் வலது முனையைத் தூக்கினார். "ஆளு ரெண்டு பேர் கை குடுங்க. ஊரு கிட்டத்துலதான இருக்குது."

முதலில் ஓடி வந்தவர் பாய். நுகத்தடியைப் பிடித்திருக்கிற போலீஸ் மாலையைத் தூக்கிப் பார்க்க முடியாது என்று அவருக்குச் சட்டென்று உறைத்திருக்கிறது. இன்னொருவனும் வந்தான். தங்கள் வண்டிகளை மற்றவர்களிடம் விட்டார்கள். மற்றவர்கள், சொல்ல வேண்டுமா, அந்த நேரத்தில் வரிசையாக மரத்தைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டார்கள். ஏட்டால் 'ஏய்' என்றுகூடச் சொல்ல முடியவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ஏய்' சொன்னால் யாருக்குக் கேட்கும்?

நான் மயிலையின் பக்கம் நடந்தேன். இடத்தே மாடு, வலத்தே சர்க்கார். "அக்கா, சாட்டைய மட்டும் கீழ வெச்சிடு, பழக்க தோசத்துல வீசிடப்போற" என்றார் பாய், மூச்சு வாங்கிக்கொண்டே. என் மகள் உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அப்பா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

தெரு முனையில் மேளக்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மேளம் நின்றுவிட்டது. சம்பந்தி முன்னால் வந்தார். சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் வீட்டு மாடத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். அகல் இருந்தது, திரி இருந்தது, எண்ணெய் இருந்தது. யாரும் இன்னும் ஏற்றவில்லை.

"மாரியாத்தா! இன்னா சம்பந்தி, போலீசோட வர்றீங்க?"

புதுப் போலீஸ் நுகத்தடியை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. வழியில மாட்டுக்கு முடியல. பொண்ண நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துட்டோம்."

பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படிப் பேச எங்கே கற்றுக்கொடுக்கிறார்களோ.

சம்பந்தி அவரைப் பார்த்தார், தலைப்பாகையைப் பார்த்தார், வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த தெருவைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினார்.

"நல்லா பாத்துக்குங்கடி எல்லாரும்! எங்க வூட்டு மருமவ வண்டியச் சர்க்காரே இழுத்துக்கினு வருது. பொட்டி வண்டியில வந்தவளுங்க யாருக்காவது கெடைச்சிதா இந்த மரியாதி? கொட்டுங்கடா மேளம்!"

மேளம் கொட்டியது. ஆரத்தி எடுத்தார்கள். பெண்ணை இறக்கி உள்ளே அழைத்துக்கொண்டு போன பிறகுதான் மாடத்து விளக்கு ஏறியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் புதுப் போலீஸ் என் பக்கம் வந்தார். யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சதும் ஸ்டேசனுக்கு வந்து மாட்ட ஓட்டினு போங்கம்மா. கேஸ் உண்டு."

"இவ்வளவு இழுத்துட்டு வந்தும் கேஸா?"

"இழுத்தது வேற, கேஸ் வேறம்மா."

"சரி" என்றேன்.

கல்யாணம் ஆன மறுநாள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்குப் போனேன். கேஸ் எழுதி, அபராதம் போட்டார்கள், கட்டினேன். செவலை கழுத்தில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துத் தடவி, நிழலில் கட்டியிருந்தார்கள். வைக்கோல் நிறையக் கிடந்தது. மாடு என்னைவிட நன்றாக இருந்தது. புதுப் போலீஸ் எனக்கு உட்காரப் பலகை போட்டு, இன்ன குற்றம், இன்ன தண்டனை என்று நிதானமாகப் படித்துச் சொன்னார். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் தண்டித்ததில்லை. வண்டியை மறிக்கிற முறை அதுதான் என்று நான் சொல்வேன். எதற்கு நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும், கையை உயர்த்தலாம், குரலை உயர்த்தக்கூடாது, மூக்கைப் பிடிக்கக்கூடாது, பார்த்ததை மறைக்கக்கூடாது. ஆனால் போலீஸ்காரர்கள் எல்லாரும் அப்படி ஆகிவிட்டால் வண்டிக்காரர்கள் பிழைப்பது கஷ்டம். அதனால்தானோ என்னவோ சர்க்கார் அவர் மாதிரி ஆளை அளவாகத்தான் வைத்திருக்கிறது.

கழுத்துப்பட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. கேஸுக்குச் சாட்சியாம். சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

மறுவீட்டுக்குச் சம்பந்தி எங்கள் ஊருக்கு வந்தார். வந்ததும் கொட்டகைக்குப் போய் மாடுகளைத்தான் பார்த்தார்.

"எங்க சம்பந்தி, நான் ஆசையா தெச்சி அனுப்பின பட்டையக் காணோம்? அன்னைக்கிகூட கழுத்துல பாக்கலியே?"

என் மகள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்கிறேனோ அதோடுதான் அவள் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

"அத ஏன் கேக்கறீங்க சம்பந்தி" என்றேன். "போலீசுக்காரங்க கண்ணு அதும்மேலயே உழுந்துடிச்சி. திருப்பிக் குடுக்க மனசே வரல அவங்களுக்கு. சீட்டு ஒட்டி, அலமாரியில வெச்சிப் பூட்டிக்கினாங்க."

சம்பந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவேன் என்றார். பிறகு மயிலையின் கழுத்தை ஒரு தடவை, செவலையின் கழுத்தை ஒரு தடவை, விரலால் சாண் போட்டு அளந்துகொண்டார்.

"கவலப்படாதீங்க. இந்தத் தடவ ரெண்டுத்துக்கும் தெக்கச் சொல்றேன்" என்றார்.